மொந்தோனில் மத்தியானச் சாப்பாடு

ஜெகதீஸ்வரிக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். இத்தனை வருடத்தில் அவளும் அவள் புருசன் வாமதேவனும் ஒரு முழுப் பகலைச் சேர்ந்து கழித்த நாட்களை நினைத்துப் பார்த்தால், ஒன்று அது யாருடையதாவது கல்யாண வீடாக இருக்கும், இல்லையென்றால் செத்த வீடாக இருக்கும். மகள் சாம்பவி பிறந்த அன்றுகூட வாமதேவன் மத்தியான வேலையை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்.

இதற்குக் காரணம் மனத்தாங்கல் எதுவுமில்லை. வேலைதான். ஜெகதீஸ்வரி பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் றஜீவனின் மரக்கறிக் கடையில் நிறுத்துப் போடுகிறவள். அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் திருவிழா. பாரிஸைச் சுற்றியுள்ள தமிழ்ச் சனம் அத்தனையும் முருங்கைக்காயும் வல்லாரையும் வாங்க அன்றைக்குத்தான் இறங்கும். அதனால் அவளுக்கு ஓய்வு செவ்வாய்க்கிழமை. வாமதேவன் றிப்பப்ளிக் சதுக்கத்துப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். அவருக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் அவர்கள் வீட்டில் செவ்வாயன்று அவள் தனியாகத் துணி மடித்தாள், ஞாயிறன்று அவர் தனியாக டிவி பார்த்தார். மற்ற நாட்களில் அவர் கடைசி ரயிலில் வந்து, அடுப்பில் மூடி வைத்திருக்கும் சோறு கறியைச் சூடாக்கிச் சாப்பிடும் சத்தம் அவளுக்கு நித்திரையில் கேட்கும். ஆள் வந்துவிட்டார் என்று மறுபக்கம் திரும்பிப் படுப்பாள்.

வீட்டில் அவர் சமைப்பதில்லை. நாள் முழுக்க அடுப்போடு நின்றுவிட்டு வருகிறவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று அவளும் கேட்டதில்லை. அவர் அங்கே என்ன சமைக்கிறார் என்பதும் அவளுக்குத் திட்டமாகத் தெரியாது. யாராவது கேட்டால், "வெள்ளைக்காரச் சாப்பாடு" என்பாள்.

இப்படியே போயிருக்கும். ஒரு ஜூன் மாதம் அந்த உணவகத்தின் குசினியை, சமையற்கட்டு முழுவதையும், உடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டி வந்தது. மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளும், எல்லாருக்கும் விடுமுறை என்று முதலாளி சொல்லிவிட்டார். வாமதேவன் வீட்டுக்கு வந்து, குளியலறைக்குப் பெயின்ட் அடிக்கப் போவதாக அறிவித்தார்.

இந்தச் செய்தியைக் கடையில் ஜெகதீஸ்வரி சொன்னது ஜிஸ்லேன் அக்காவிடம். ஜிஸ்லேன் புதுச்சேரிக்காரி, தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாரிஸை ஒட்டிய பொண்டி என்ற ஊரிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கருவாடும் கத்தரிக்காயும் வாங்க வருவாள். வருடாவருடம் தெற்கே மொந்தோனுக்குப் போய்வருவாள். நீஸ் நகரத்தைத் தாண்டி, இத்தாலி எல்லையை ஒட்டிக் கிடக்கிற கடற்கரை ஊர் அது.

"பெயின்ட்டா அடிக்கப் போறாரு?" என்றாள் ஜிஸ்லேன். "நல்லா இருக்கு போ. கொஞ்சேன்னு லீவு கெடைச்சா மனுஷன் வெயில்ல போய் உக்காரணும்மா. மொந்தோன் போங்க ரெண்டு பேரும். மழையே இல்ல. மரத்துல எலுமிச்சம்பழம் தொங்கும். சும்மா உக்காந்து கடலப் பாத்துட்டு வரலாம்."

சும்மா உட்கார்ந்து என்ற சொல் ஜெகதீஸ்வரியின் மனதில் ஒட்டிக்கொண்டது. அன்று பின்னேரமே றஜீவனிடம் ஒரு கிழமை லீவு கேட்டாள்.

"ஊருக்கோ அக்கா?"

"இல்லை."

"லண்டனிலை கலியாணமோ?"

"இல்லை. வக்கான்ஸ், விடுமுறைக்குப் போறம். நானும் அவரும்."

றஜீவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு, "சரி அக்கா, போயிட்டு வாங்கோ" என்றான்.

வாமதேவனைச் சம்மதிக்க வைக்கத்தான் பாடாகிவிட்டது. "கடல் பார்க்க அவ்வளவு தூரம் போகோணுமே? தியெப்புக்குத் தமிழ்ச் சங்கத்து பஸ்ஸிலை போனனாங்கள்தானே."

"தியெப்பிலை மழை பெய்தது. குடையோடை நிண்டு கடல் பார்த்தனாங்கள்."

சாம்பவிதான் முடித்துவைத்தாள். கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிற பெண். வீட்டில் அம்மா அப்பா தமிழில் கேட்பதற்குப் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியில் அறையையும் ரயிலையும் பதிவு செய்துவிட்டு, இனி மாற்ற முடியாது என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் இருவருக்கும் ஒரு கூச்சம் வந்தது. பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவள் லா சப்பலில் வாங்கிய றோல்ஸை எடுத்துக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். மகளைப் பற்றிப் பேசினார்கள். வாடகை வீட்டுக் கதவின் பூட்டைப் பற்றிப் பேசினார்கள். லியோன் வருவதற்குள் பேச்சு தீர்ந்துவிட்டது. வாமதேவன் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நித்திரை என்றால் அவருக்கு வாய் திறந்துவிடும்.

மொந்தோன் ஜிஸ்லேன் சொன்ன மாதிரியே இருந்தது. பின்னால் மலை, முன்னால் கடல், இடையில் மஞ்சளும் செம்மண் நிறமுமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற வீடுகள். வெயில் பாரிஸ் வெயில் போல வந்துபோகிற வெயிலாக இல்லாமல் இருக்க வந்த வெயிலாக இருந்தது. அறைக்கு ஒரு சின்ன மாடம். அதில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு இடையே கடல் தெரிந்தது. ஜெகதீஸ்வரி பெட்டியைக்கூடத் திறக்காமல் அங்கே போய் நின்றாள்.

வாமதேவனும் வந்து எட்டிப் பார்த்தார். "ஓம், கடல் இருக்கு" என்றார். பிறகு உள்ளே போய்க் குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்தார்.

அடுத்த நாள் கடற்கரைக்குப் போனார்கள். மணல் இல்லை; முழுக்கக் கூழாங்கல். வாமதேவன் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டு வந்திருந்தார். துவாயை விரித்து உட்கார்ந்தவர் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார், வைத்தார். கால் மணித்தியாலத்தில் எழுந்துவிட்டார்.

"எங்கை?"

"சும்மா ஒருக்கா நடந்திட்டு வாறன்."

அவர் நடந்தது உணவகங்களின் வாசலில். பலகையில் எழுதியிருக்கிற சாப்பாட்டு வரிசையை ஒன்றுவிடாமல் வாசித்துவிட்டு வந்து, இந்தக் கடையில் மீன் நேற்றையது, அந்தக் கடையில் எல்லாம் பெட்டியில் வருகிற சாமான் என்று சொன்னார். மத்தியானம் எதில் சாப்பிடலாம் என்று கேட்டால் எதுவும் சரியில்லை என்றார். கடைசியில் பேக்கரியில் பாணும் பக்கத்துக் கடையில் தக்காளியும் வாங்கி அறையில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

விடியற்காலையில் அவர் எழும்பிவிடுவார். அவள் கண் விழிக்கும்போது சட்டைகளைக் கைகழுவும் தொட்டியில் துவைத்து மாடத்தில் காயப் போட்டிருப்பார். ஆடிக்கொண்டிருந்த நாற்காலியின் ஆணியைச் சாவியால் முடுக்கியிருப்பார். பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அது வாய்விட்டு வந்துவிட்டது.

"உங்களுக்கு என்னோடை இருக்கேலாது. அதுதான் விசயம்."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லத் தேவையில்லை. காலையிலை இருந்து எத்தினை தரம் எழும்பி நடந்திருக்கிறியள்? நான் உங்களை என்ன டாக்குத்தற்றை வாசலிலையே இருத்தி வச்சிருக்கிறன்?"

வாமதேவன் கையிலிருந்த சாவியை மேசையில் வைத்தார். பிறகு, "எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது ஜெகதி. உம்மிலை ஒரு பிழையும் இல்லை" என்றார். அவர் சொன்னது உண்மை என்பது அவளுக்கும் தெரிந்தது. உண்மையாக இருந்ததாலேயே கோபம் கூடியது. அன்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

சனிக்கிழமை காலை அவர் பாண் வாங்கப் போனார். போனவர் வரவில்லை. ஒரு மணித்தியாலம் பொறுத்தவள் போன் எடுத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப எடுத்தாள். நேற்றைய பேச்சு நினைவுக்கு வந்தது. கோபித்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாரோ என்று ஒரு நினைப்பு. நெஞ்சு நோவு வந்து எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ என்று இன்னொரு நினைப்பு. சீப்பால் தலையைக்கூடச் சரியாக இழுக்காமல், கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பாண் கடையில் விசாரித்தாள். வந்தார், வாங்கினார், போனார் என்றார்கள். பழைய ஊர்ப் பக்கமாக ஏறுகிற சந்துகளில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். மூன்றாவதோ நாலாவதோ சந்தில் ஒரு சின்ன உணவகம். அதன் பின்கதவு திறந்திருந்தது. வாசற்படியில் அவர்களுடைய பாண் கடதாசியில் சுற்றியபடி இருந்தது. உள்ளே வாமதேவன் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, முழங்கைவரை செதில் ஒட்ட, மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார். "இஞ்சை பாரும், ஒரு அவசரம்" என்று தொடங்கினார்.

நடந்தது இதுதான். அவர் பாணோடு அந்த வழியாக வந்திருக்கிறார். மீன்காரன் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். பெட்டிகள் படியில், நல்ல வெயிலில். உள்ளே ஒரே கூச்சல். சமையல்காரன் கொதி எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டதால் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு ஒரு ஞானஸ்நான விருந்து. இத்தாலியிலிருந்து ஒரு குடும்பமே வரப்போகிறது. மெலானி என்ற அந்த உணவகக்காரி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். இவர் எதுவும் கேட்கவில்லை. மீன் வெயிலில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு போக மனம் வரவில்லை. பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்தார். யார் நீ என்று மெலானி கேட்டாள். சமையல்காரன் என்றார்.

"போன் எடுத்தால் என்ன?"

"கை முழுக்க மீன்."

"நான் செத்துப் பிழைச்சு வந்திருக்கிறன். நீங்கள் இஞ்சை மீன் வெட்டிக்கொண்டு நிக்கிறியள். வக்கான்ஸ் வந்த இடத்திலையும் குசினியே?"

வாமதேவன் குற்றவாளி போல ஏப்ரனில் கையைத் துடைத்தார். ஆனால் அவர் முகத்தில் இந்த நான்கு நாளும் இல்லாத ஒரு தெளிவு இருந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. படியில் கிடந்த பாணை எடுத்துக்கொண்டு விடுவிடென்று இறங்கி வந்துவிட்டாள்.

அறைக்குப் போகப் பிடிக்கவில்லை. கால் போன போக்கில் கடற்கரைக்கு வந்தாள். வழியில் கடையொன்றில் கூழாங்கல்லில் நடக்கிற ரப்பர் செருப்புத் தொங்கியது. நீலத்தில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். கரையில் ஒரு வயதான பிரெஞ்சுக்காரி கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜெகதீஸ்வரி அவள் பக்கத்தில் கல்லிலேயே உட்கார்ந்து, பாணைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். கோபத்தில் பாதிப் பாண் போய்விட்டது.

"தண்ணீர் இன்றைக்கு நன்றாக இருக்கிறது" என்றாள் அந்தக் கிழவி. "போங்கள். பையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

நீந்தத் தெரியாது என்று ஜெகதீஸ்வரி சொன்னாள்.

"நீந்த யார் சொன்னது?"

சுரிதாரோடு இறங்கினாள். முதலில் கணுக்கால். குளிர் ஏறியது. முழங்கால் வந்ததும் துணி மேலே மிதந்தது. அதை ஒரு கையால் அமுக்கிக்கொண்டாள். இடுப்பு வந்ததும் நின்றாள். அலை பெரிதாக இல்லை. வந்து தூக்கி, மெல்ல இறக்கிவிட்டது. அவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. லா சப்பலில் தெருவைக் கடப்பதற்குள் நான்கு பேர் கும்பிட்டு, மூன்று பேர் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்பார்கள். இங்கே ஒரு குருவிக்கும் அவளைத் தெரியாது. நெஞ்சளவு தண்ணீர்வரை போய், விரல் நுனி சுருங்கும்வரை நின்றாள். வெளியே வந்து வெயிலில் காய்ந்தாள். காய்ந்ததும் மறுபடியும் இறங்கினாள். பின்னேரம் கிழவி கதிரையை மடித்துக்கொண்டு புறப்படும்போதுதான் தான் இன்னும் கோபமாக இருக்க வேண்டியவள் என்பது நினைவுக்கு வந்தது.

இரவு வாமதேவன் வந்தார். மீனும் வெண்ணெயும் மணத்தார். கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார். அவள் ரப்பர் செருப்பை மாடத்தில் காய வைத்தாள்.

"நாளைக்கும் ஒருக்கா வரச் சொல்லிக் கேக்கிறா. ஞாயிற்றுக்கிழமை சனம் கூடவாம். எக்ஸ்ட்ரா ஆளெண்டு முறையாப் பதிஞ்சுதான்." சப்பாத்தைக் கழற்றினார். "நீர் மத்தியானம் அங்கை வந்து சாப்பிடுமன்."

"எனக்குத் தேவையில்லை."

"தலைமயிரிலை என்ன உப்பு?"

"கடலிலை இறங்கினனான்."

"தனியவோ?"

"வேறை ஆரோடை இறங்கிறது?"

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பிப் போய்க் குளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் பசி வந்தது. பாண் தின்று அலுத்தும் போயிருந்தது. கொண்டுவந்ததில் நல்ல சுரிதாரை உடுத்திக்கொண்டு போனாள். வாசலில் மெலானி வந்து கையைப் பிடித்தாள்.

"நீங்கள் மதாம் தேவ் தானே?"

தேவ் யார் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. பாரிஸ் குசினிகளில் இத்தனை வருடமும் அவருக்கு அந்தப் பெயர்தான் போலிருக்கிறது. அவளுக்கு அது இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஜன்னலோரம் ஒரு மேசையில் இருத்தினார்கள். தனியாக ஓர் உணவகத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டதே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு வரிசையைப் பார்த்தால் பாதி விளங்கவில்லை. பரிமாறுகிற பெண் மெலிசாவிடம், குசினியில் நிற்கிறவருக்கு எது சரியென்று படுகிறதோ அதைத் தரச் சொன்னாள்.

வந்தது மீன். ஒரு முழு டொறாட் மீனை முள் எடுத்துத் தோலோடு பொரித்து, வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்ந்த மஞ்சள் குழம்பில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் பெருஞ்சீரகச் செடியின் தண்டை வதக்கி வைத்திருந்தது. ஜெகதீஸ்வரியின் கண் முதலில் மேசையில் மிளகாய்த்தூள் இருக்கிறதா என்றுதான் தேடியது. இல்லை. முள்ளுக்கரண்டியால் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள்.

தோல் அப்பளம் மாதிரி உடைந்தது. உள்ளே சதை ஈரமாக இருந்தது. உறைப்பு இல்லை, ஆனால் ஒன்று குறைகிறது என்று நாக்கு சொல்லவில்லை. மீனின் ருசி இதுதானா என்று இருந்தது. வீட்டில் அவள் மீனைக் கல்லாகும்வரை பொரிப்பாள். அவரும் அதைக் கடித்துத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை.

பக்கத்து மேசையில் ஓர் இத்தாலியக் குடும்பம். அந்த மனிதர் பாணைப் பிய்த்துக் குழம்பை வழித்துத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தார். இவளும் ஒரு துண்டுப் பாணை எடுத்து அப்படியே செய்தாள். தட்டு பளபளவென்று ஆகிவிட்டது. இத்தாலிக்காரர் கையை ஆட்டி மெலானியைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, மெலானி குசினிக் கதவைத் திறந்து, "தேவ்!" என்று கூப்பிட்டாள். வாமதேவன் கதவடியில் வந்து நின்றார். மேசைக்காரர்கள் கை தட்டினார்கள். வீட்டில் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் காது கேட்காத மாதிரி இருக்கிற மனிதர், இங்கே தலையை லேசாகச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். பிறகு அவர் கண் ஜன்னலோர மேசைக்கு வந்தது. முதலில் அவள் தட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வேலை கிடந்தது, உள்ளே போய்விட்டார்.

ஜெகதீஸ்வரி துடைத்த தட்டையே பாணால் மறுபடியும் துடைத்தாள். ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. பெருமையும் இருந்தது, ஏமாற்றப்பட்டது போலவும் இருந்தது. மெலிசா தட்டை எடுக்க வந்து, பிடித்ததா என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று பின்னேரம் மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் அவருக்கு ஓய்வு. கடலோர நடைபாதையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார்கள்.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கொண்டு ஏன் ஒரு நாளும் வீட்டிலை செய்து தரேல்லை?" என்று கேட்டாள்.

"செய்தனான்."

"எப்ப?"

"நீர் வந்த புதிசிலை. முந்தி சார்செல் வீட்டிலை இருக்கேக்கை. மீன்தான். நீர் அதுக்கு மேலை மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்டீர்."

அவளுக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் தான் அப்படிச் செய்திருக்கக்கூடிய ஆள்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"அதுக்காக இருபத்தாறு வருசம் செய்யாமல் விடுறதே?"

"உமக்குப் பிடிக்காதெண்டு நினைச்சன். உம்மடை கறியிலை எனக்கு ஒரு குறையும் இல்லை." அவர் கொஞ்சம் யோசித்தார். "பொரியல்தான் கொஞ்சம் கடுசு."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பக்கத்து வாங்கில் இருந்த ஒரு நாய் இவர்களைத் திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை மெலானி அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விசயம் கேட்டாள். சமையல்காரனின் கை ஆற மாதக்கணக்காகும். கோடைகாலம் முடியும்வரை இங்கேயே நிற்க முடியுமா? மேலே ஓர் அறை இருக்கிறது. வாமதேவன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அறைக்கு வந்து ஜெகதீஸ்வரியிடம் சொல்லும்போது குரலில் ஒன்றையும் காட்டவில்லை.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பாரிஸ் முதலாளிக்கு வாக்குக் குடுத்திருக்கிறன். புதுக் குசினி திறக்கேக்கை நான் நிக்கோணும்."

"அது சரி. உங்களுக்கு விருப்பமோ?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போல, அவர் மாடத்தில் போய் நின்று கனநேரம் கடலைப் பார்த்தார். "விருப்பம்தான்" என்றார் கடைசியில். "இஞ்சை மீனைப் பார்த்து வாங்கலாம். அங்கை வாறதைச் சமைக்கிறது."

"அப்ப அடுத்த வருசம் வாங்கோ. இப்பவே சொல்லி வையுங்கோ. முறையாக் கேட்டுக்கொண்டு வாங்கோ."

"நீர்?"

"எனக்கு என்ன? நான் கடையிலை நிப்பன். லீவிலை வருவன்."

மிச்சம் இருந்த இரண்டு நாளும் மெலானிக்குக் கைகொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். காலையில் அவளோடு கடற்கரைக்கு வந்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நேரம் வந்ததும் எழும்பிக் குசினிக்குப் போனார். இவள் கடலில் இறங்கினாள். இருவருக்கும் அது சரியாக வந்தது.

பாரிஸுக்குத் திரும்பியதும் றஜீவன், "என்னக்கா, கறுத்துப் போனியள்" என்றான். ஜிஸ்லேன் அந்த வெள்ளிக்கிழமை வந்து எல்லாவற்றையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கடலப் பாக்க அனுப்பிச்சா அந்தாளு கரண்டியப் புடிச்சுட்டு நின்னாரா!"

அந்த வருடக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் வெண்ணெய் மணந்தது. சாம்பவி மேசையில் உட்கார்ந்து இரண்டாம் முறை போட்டுத் தின்றுகொண்டிருந்தாள். வாமதேவன் இவளுக்கும் ஒரு தட்டு வைத்தார். மிளகாய்த்தூள் டப்பாவை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த மே மாதக் கடைசியில் வாமதேவன் மொந்தோனுக்குப் போனார். பாரிஸ் முதலாளி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கோடையில் தனக்கும் வியாபாரம் குறைவுதான் என்பதால் பிறகு விட்டுக்கொடுத்தார். லா சப்பலில் கதை பரவ நாளெடுக்கவில்லை. வாமதேவன் பெண்சாதியை விட்டுவிட்டுத் தெற்கே போய்விட்டாராம், அங்கே ஒரு வெள்ளைக்காரியின் கடையாம். ஒரு நாள் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி நேராகவே கேட்டாள்.

"அண்ணை தனியப் போயிட்டாராம். உண்மையே?"

"ஓம், சமைக்கப் போயிட்டார்" என்றாள் ஜெகதீஸ்வரி. "எத்தினை கிலோ போடட்டும்?"

ஓகஸ்டில் அவள் இரண்டு கிழமை போய் நின்றாள். காலையில் கடல், மத்தியானம் ஜன்னலோர மேசை, பின்னேரம் அவரோடு நடை. அதற்கு அடுத்த வருடமும் போனாள். சார்செல் நீச்சல் குளத்தில் செவ்வாய்க்கிழமைகளில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்திருக்கிறாள். மிதக்க வருகிறது; கை கால் இன்னும் ஒத்துவரவில்லை.

கோடை மாதங்களில் வாமதேவன் மத்தியான வேலை முடிந்ததும் தினமும் போன் எடுப்பார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தபோது பேசாததை எல்லாம் இப்போது பேசுகிறார்கள் என்று சாம்பவி சொல்கிறாள். பெரிய விசயம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு என்ன மீன் வந்தது, மெலிசாவுக்குப் பல் நோவு, வீட்டு லிஃப்ட் திரும்பவும் பழுது, குளத்தில் இன்றைக்கு எவ்வளவு தூரம் போனாள். ஜெகதீஸ்வரி கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு கதைப்பாள்.

"அக்கா, முன்னுக்குச் சனம் நிக்குது!" என்று றஜீவன் உள்ளே இருந்து கூப்பிடுவான்.

"வாறன், வாறன்" என்பாள். பிறகு போனில், "நீங்கள் சொல்லுங்கோ" என்பாள்.